கயிறு யார் கையில்?

முத்துக் குளித்த காலத்துத் தூத்துக்குடிக் கடலை மனக்கண்ணால் காண்போம். அங்கே மூன்று பேர்.

ஒருவன் மூழ்குபவன். கல்லின் பாரம் கீழே இழுக்க, மூச்சை அடக்கிக்கொண்டு, கடலடியில் சிப்பி தேடுபவன். மற்றொருவன் தோணியில் நின்று கயிறு பிடிப்பவன். கீழிருந்து கயிறு அசைந்த மறுநொடியே மேலே இழுத்தாக வேண்டியவன். அவன் கண் அயர்ந்தால் ஓர் உயிர் போகும். மூன்றாமவன் கடல்கட்டி. மந்திரத்தால் சுறாமீன்களின் வாயைக் கட்டிவிட்டதாகச் சொல்லிப் பங்கு கேட்பவன்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றிச் சொன்ன வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, கணக்கையும் சொல்லி வைத்திருக்கிறார். கிடைத்த முத்தில் மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் சொன்னவனுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரமும் பகலுக்கு மட்டுமே செல்லுமாம். இரவானதும் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். சுறாவுக்கும் வேலை நேரம் வகுத்துக் கொடுத்த விந்தை அது! 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியார் குளிப்பு நடத்தியபோதும் கடல்கட்டிக்கு இடம் இருந்தது. நீராவிக் கப்பல் விட்டவர்களும் மந்திரக்காரனை விலக்கத் துணியவில்லை. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளோடு அந்தத் தொழில் ஓய்ந்தது. கடல்கட்டியும் கதையில் மட்டும் வாழ்கிறான்.

கடல்கட்டியைக் கண்டு நகைப்பது எளிது. பகுத்தறிவுப் பாசறையில் பயின்ற நமக்கு அது பழக்கமுங்கூட. ஆனால் மூழ்கியவனை உண்மையில் காப்பாற்றியது எது? விழித்த கண்ணும், பிடித்த கையும், அறுபடாத கயிறும். மந்திரத்தை ஒழித்துவிட்டோம் என்று மார்தட்டும் நாம், அந்தக் கயிற்றை இன்று யார் கையில் கொடுத்திருக்கிறோம்? நோய் என்னும் கடலில் மூழ்குகிற ஏழையின் கயிறு இன்று யார் கையில்? அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஒரு தாயின் கால்

நம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து பள்ளிக்கு வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி, மழை பெய்தாலும் விடுமுறை எடுக்காதவள். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குச் சென்றோம். உப்பளத்தை ஒட்டிய குடிசை. மாணவியின் தாய் கட்டிலில் கிடந்தார். கால் முழுதும் கட்டு.

அந்தத் தாய் உப்புப் பாத்தியில் பதினைந்து ஆண்டுகளாக உழைத்தவர். உப்பு நீரில் நின்று நின்று பாதம் வெடித்தது. வெடிப்பில் புண் வந்தது. உடலில் சர்க்கரை நோயும் இருந்ததால், புண் ஆறாமல் உள்ளே இறங்கி எலும்பைப் பற்றியது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்பில் புகுந்த கிருமியைக் கொல்ல ஆறு கிழமை, நாள் தவறாமல், நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டும் என்றனர் மருத்துவர்கள். உண்மையான அறிவுரை, நல்ல அறிவுரை. குறை சொல்வதற்கில்லை.

அந்தத் தாய் பதினாறாம் நாள் படுக்கையை விட்டு எழுந்து வந்துவிட்டார். "மருத்துவ அறிவுரைக்கு மாறாகச் சென்றார்" என்று சீட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள்.

ஏனம்மா வந்தீர்கள் என்று கேட்டோம்.

"ஆறு வாரம் நான் அங்க படுத்துக் கெடந்தா இங்க அடுப்ப யாரு பத்த வைப்பா சார்? கங்காணி என் எடத்துல வேற ஆள வச்சிருவாரு. இவ வேற எனக்குத் துணையா வந்து பள்ளிக்கூடத்த விட்டுட்டு உக்காந்திருந்தா. சின்னவன் தனியாக் கெடந்தான். என்ன செய்யச் சொல்றீக?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நாம் படித்த பட்டப்படிப்பில் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. இரண்டு திங்கள் கழித்து அந்தக் காலின் முன்பாதியை வெட்டி எடுத்தார்கள். முன்பாதி இல்லாத காலோடு உப்புப் பாத்தியில் எப்படி நிற்பது? வேலை போயிற்று. மகளின் படிப்பு ஓராண்டு பின்தங்கிற்று.

அறிவுரைக்கு மாறாகச் சென்றார் என்று எழுதியவர்களைக் கேட்கிறோம்: அந்தத் தாயின் வாழ்க்கைக்கு மாறாக அறிவுரை சொன்னது எந்தச் சீட்டில் எழுதப்பட்டது?

அரை மணிக்காக ஆறு கிழமை

இந்த மருத்துவத்தின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்வோம். எலும்பைப் பற்றிய சீழ், இதயத்தின் வால்வில் தங்கிய கிருமி போன்றவற்றுக்கு நான்கு கிழமை, ஆறு கிழமை என நீண்ட நாள் மருந்து வேண்டும். மக்கள் நரம்பு ஊசி என்கிறார்கள். ஏறுவது சிரை என்னும் இரத்தக் குழாயில். செஃப்ட்ரியாக்சோன் போன்ற சில மருந்துகளை நாளுக்கு ஒருமுறை செலுத்தினாலே போதும். மருந்து ஏறுவதற்கு ஏறத்தாழ அரை மணி. மீதம் 23½ மணி நேரம் நோயாளி என்ன செய்கிறார்? சுவரைப் பார்க்கிறார். மின்விசிறியைப் பார்க்கிறார். வீட்டை நினைக்கிறார்.

முதற் சில நாட்கள் மருத்துவமனை வேண்டும்; மறுப்பார் இல்லை. சீழை அறுத்து எடுக்கவும், காய்ச்சல் தணியவும், மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். மூச்சுத் திணறுபவரும், உணர்வு இழந்தவரும் அங்கேதான் இருக்க வேண்டும். ஆனால் நோய் தணிந்து, உண்டு, நடந்து, பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை மருந்துப் புட்டி ஒன்றுக்காக மட்டும் ஆறு கிழமை அடைத்து வைப்பது ஏன்? புட்டி அவர் வீட்டுக்குப் போகக் கூடாதா? வீட்டருகே உள்ள சுகாதார நிலையத்துக்குப் போகக் கூடாதா?

அமெரிக்காவில் ரக்கர், ஹாரிசன் என்னும் மருத்துவர் இருவர், நுரையீரல் நோயால் வருந்திய சிறுவர்களுக்கு நரம்பு வழி மருந்தை வீட்டிலேயே செலுத்திய செய்தியை 1974இல் வெளியிட்டனர். அன்று தொடங்கி அந்த முறை செல்வ நாடுகளில் பரவி, விதிகளும் நெறிகளும் வகுக்கப்பட்டு, வழக்கமான மருத்துவமாகி விட்டது. அங்கே ஆகும், இங்கே ஆகாதா?

"குடிசையில் மருந்தா?"

ஆகாது என்பார் சொல்லும் காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. குடிசை அழுக்கு என்பார். ஏழைக்கு எழுத்து தெரியாது என்பார். சொன்னால் கேட்க மாட்டான், மருந்தை மறந்துவிடுவான், கெடுத்துவிடுவான் என்பார். அவன் கையில் பொறுப்பைத் தரக் கூடாது என்பதே இவற்றின் சாரம். கோயில் கதவை அடைத்தபோதும் இதே குரல்தான் கேட்டது. பள்ளிக் கதவை அடைத்தபோதும் இதே குரல்தான். இந்தத் தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டபோது, இவர்களா கப்பல் ஓட்டுவது என்று எள்ளிய குரலும் இதற்கு உறவுமுறைதான்.

ஆனால் குரலுக்குக் குரல் விடையாகாது. பகுத்தறிவாளன் கோபத்தால் மட்டும் வாதாடக் கூடாது. ஏழை பொறுப்பானவன் என்று நாம் முழங்கினால் போதுமா? மெய்ப்பிக்க வேண்டாமா? மெய்ப்பித்தாயிற்று! அதுவும் நம் தமிழ்நாட்டில், நம் சென்னையில், 1956இல் தொடங்கிய ஆய்வில்!

அன்று காசநோய் என்றால் மக்கள் நடுங்கினர். அந்நோய்க்கு ஊருக்கு வெளியே தனி மருத்துவமனை. தூய காற்று, பால், முட்டை, நீண்ட ஓய்வு. ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடப்பதே மருத்துவம் என்று உலகம் நம்பியது. ஆனால் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைக்காதவன் என்ன ஆவது? சாக வேண்டியதுதானா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்துச் சென்னையில் ஒரு நிலையம் கண்டன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குவது அதுவே. நகரத்து ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு கூறாக்கினர். ஒரு கூற்றாருக்கு மருத்துவமனைப் படுக்கை. நல்ல உணவு, ஓய்வு, செவிலியர். மற்றொரு கூற்றாருக்கு நெருக்கடி மிகுந்த தம் வீடு. தம் எளிய உணவு, தம் அன்றாடப் பாடு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு.

விளைவு 1959இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள்: மருத்துவமனையில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது இரு சாராருக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. நோயாளியை வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றியதா? அதுவும் இல்லை. உலகமே தன் கருத்தை மாற்றிக்கொண்டது. தனி மருத்துவமனைகளின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. சென்னைக் குடிசை உலக மருத்துவத்துக்குப் பாடம் சொல்லிற்று!

அந்த ஆய்வில் வீட்டார் உண்டது விழுங்கும் மருந்து. ஊசி மருந்தானால்? அதற்கும் அதே நிலையம் விடை தேடிற்று. கிழமைக்கு இருமுறை நோயாளி நிலையத்துக்கு வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு, அங்கேயே மாத்திரையும் விழுங்கி வீட்டுக்குத் திரும்பும் முறையை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டது. நாள்தோறும் மருந்து உண்டோரினும் அவர்கள் பெற்ற பயன் குறையவில்லை. படுக்கை இல்லாமலே ஊசி மருத்துவம் நடைபெற முடியும் என்பது அறுபதாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் கண்ட உண்மை.

மறக்கக் கூடாத நிபந்தனை

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ஆய்வைப் பாதி மட்டும் படித்தவர்கள் உண்டு. "வீட்டிலேயே குணமாகிறதே! பிறகு மருத்துவமனை எதற்கு? செலவு எதற்கு? மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடு!" என்று கணக்குப் போடுவோர் அவர்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. போதிய பணி அமைப்பு இருந்தால் பெரும்பாலோரை வீட்டிலேயே நடத்தலாம் என்பதுதான் அதன் முடிவு. இருந்தால் என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஏழையின் உயிர் தொங்குகிறது.

அந்த ஓராண்டும் நோயாளிகள் அநாதைகளாக விடப்படவில்லை. குறித்த நாளில் மருந்து வாங்க வராதவரின் வீடு தேடி ஆள் சென்றது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிற்றா என்று பார்த்தார்கள். சளியைச் சோதித்தார்கள். குடும்பத்தாரையும் சோதித்தார்கள். சுருங்கச் சொன்னால், நோயாளி மூழ்கினார். கயிறு பிடித்தவர் விழித்திருந்தார்.

மற்றொரு பிழையான பாடமும் உண்டு. எளிய உணவோடே குணமாயிற்றே, ஆகவே உணவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பது அது. அறிவியல் தன் பழைய முடிவையும் மீண்டும் சோதிக்கும். சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், காசநோயாளியின் குடும்பத்தாருக்கு நல்ல உணவுப் பொருள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. குடிசை தடையல்ல என்பதற்கும், குடிசையில் பட்டினி கிடக்கலாம் என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கற்பித்தால் கற்பார்

சென்னைக்குப் பின் வந்த இரண்டு சான்றுகளைச் சொல்வோம்.

மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம். காடும் வறுமையும் நிறைந்த நிலம். பிறந்த குழந்தைகள் கிருமித் தொற்றால் மடிந்து கொண்டிருந்தன, மருத்துவமனையோ தொலைவில். மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் 39 சிற்றூர்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்தனர். குழந்தையை எடை போடுதல், மூச்சை எண்ணுதல், தொற்றின் அறிகுறியைக் கண்டறிதல், கண்டால் பெற்றோர் ஒப்புதலுடன் ஜென்டாமைசின் ஊசி போடுதல் வரை கற்றுக்கொடுத்தனர். சிரையில் அல்ல, தசையில் போடும் ஊசி. ஆயினும் கருத்து ஒன்றே. 1999இல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஒப்பிட்ட ஊர்களை நோக்க இங்கே பச்சிளங்குழந்தைச் சாவு 62 விழுக்காடு குறைந்தது. தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தவர் முன்பு நூற்றுக்கு 16.6, பின்பு 2.8. ஊசி பிடித்த கை ஊர்ப் பெண்ணின் கை!

அமெரிக்காவின் டல்லஸ் நகரத்துப் பார்க்லண்ட் மருத்துவமனையைப் பாருங்கள். செல்வ நாட்டிலும் ஏழைகள் உண்டு. காப்பீடு உள்ளவன் வீட்டுக்குச் செவிலியர் சென்று நரம்பு மருந்து ஏற்றுவார். காப்பீடு இல்லாதவனோ கிழமைக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும். அங்கே மருத்துவர்கள் ஒரு வழி கண்டனர். ஏழை நோயாளிகளுக்குத் தாமே மருந்து ஏற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தனர். நோயாளி செய்து காட்டித் தேறிய பின்னரே வீட்டுக்கு அனுப்பினர். கிழமைதோறும் வரச் செய்து பார்த்தனர். 2009 முதல் 2013 வரை அப்படித் தாமே ஏற்றிக்கொண்டோர் 944 பேர். பிறர் கையால் ஏற்றப்பெற்றோர் 224 பேர். 2015இல் வெளிவந்த முடிவு என்ன? 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, தாமே ஏற்றிக்கொண்டோரிடம் 47 விழுக்காடு குறைவு! சாவில் வேறுபாடு இல்லை.

நாம் ஆசிரியத் தொழில் புரிபவர்கள். இந்த முடிவு நமக்கு வியப்பளிக்கவில்லை. இவனுக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் வருகிறது என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம். உப்பின் பதம் பார்த்து, பாத்தியில் நீர் கட்டி, வெயிலின் அளவறிந்து வேலை செய்யும் கைக்கு, ஒரு குழாயின் முனையைத் தூய்மையாகத் துடைத்துப் பொருத்த வராதா?

நம் பக்கத்துக் குறைகள்

எதிர்ப்பாரை மட்டும் சாடிவிட்டு அமர்வது நேர்மையன்று. நம் பக்கத்தையும் பார்ப்போம்.

ஆபத்துகள் மெய்யானவை. கையில் பதித்த குழாயின் வழியே புதிய கிருமி நுழையலாம். மருந்து ஒவ்வாமல் உடல் தடித்து மூச்சு முட்டலாம். சிறுநீரகம் வருந்தலாம். ஆகவே முதல் ஊசிகள் மருத்துவமனையில் போடப்பட வேண்டும். கிழமைக்கு ஒருமுறையேனும் இரத்தம் சோதிக்கப்பட வேண்டும். நள்ளிரவிலும் அழைத்தால் பேச ஓர் ஆள் வேண்டும். இவை இல்லாமல் புட்டியை மட்டும் வீட்டுக்கு அனுப்புவது, கயிறில்லாமல் கடலில் தள்ளுவதே ஆகும்.

அடுத்து, நம் மக்களிடம் உள்ள ஊசி மயக்கம். சாமியாடியின் வேப்பிலையை விட்டுவிட்டவர், ஊசியின் முனையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு வலியா, ஊசி! தலைச்சுற்றலா, ஒரு புட்டி டிரிப்ஸ்! ஊசி போடாத மருத்துவர் மருத்துவரே அல்லர் என்ற எண்ணம் ஊரெங்கும். அந்த எண்ணத்தை வைத்துத் தெருமுனையில் கடை விரிக்கும் போலி மருத்துவர்களும் உண்டு. நாம் கேட்கும் வீட்டு மருத்துவம் அதுவன்று. அது கடல்கட்டியின் புது வேடம்.

அறிவியலோ தன் ஊசியையே கேள்வி கேட்கிறது. எலும்பு மூட்டுத் தொற்றுக்கு நரம்பு ஊசிதான் வேண்டுமா, மாத்திரை ஆகாதா என்று பிரிட்டனில் 26 நிலையங்களில் 1,054 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். ஓராண்டில் மருத்துவம் தோற்றது நரம்பு ஊசியாரிடம் 14.6 விழுக்காடு, மாத்திரையாரிடம் 13.2 விழுக்காடு. அதாவது, தக்க மாத்திரையை மருத்துவர் தேர்ந்து கொடுத்தால், பலருக்கு ஆறு கிழமை ஊசியே தேவையில்லை. நூறாண்டு நம்பிக்கையானாலும் ஆய்வுக்கு முன் நின்று விடை சொல்லியாக வேண்டும். இதுவல்லவா பகுத்தறிவு! நம் மாணவியின் தாய்க்கும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருந்தால்? காலை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

மூன்றாவது குறைதான் நம்மை மிகவும் சுடுவது. வீட்டு மருத்துவம் என்று நாம் இனிமையாகச் சொல்கிறோமே, வீட்டில் அந்த வேலையைச் செய்வது யார்? மனைவி; இல்லையேல் மகள். மருத்துவமனையில் கிடந்தாலும் துணைக்கு அமர்வது மகள். வீட்டுக்கு வந்தாலும் புட்டி மாற்றுவது மகள். கூலியற்ற செவிலியாகப் பெண்ணை ஆக்கிவிட்டு, படுக்கைச் செலவு மிச்சம் என்று கணக்கு எழுதினால், அது சீர்திருத்தமா? பழைய அடிமைத்தனத்துக்குப் புதுப் பெயர்!

தந்தை பெரியார் தம் இறுதி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயோடும், அதனோடு பொருத்திய கலத்தோடும் ஊர் ஊராகச் சென்றார். வலி வந்து பேச்சினிடையே அலறியதும் உண்டு. வலி தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார். 1973 டிசம்பர் 19இல் சென்னைத் தியாகராய நகரில் இறுதிப் பேரூரை ஆற்றினார். 24ஆம் நாள் மறைந்தார். நோயாளி என்றால் படுக்கை என்ற இலக்கணத்தைத் தம் உடம்பாலேயே மறுத்தவர் அவர். அந்தக் குழாயை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்தக் குழாயையும் கலத்தையும் நாள்தோறும் கவனித்த அன்னை மணியம்மையாரின் உழைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? அவர் விரும்பி ஏற்ற தொண்டு அது. அதே வேலை எட்டாம் வகுப்புச் சிறுமியின் தலையில், வேறு வழியின்றி விழுந்தால், அதைத் தொண்டு என்று வாழ்த்த நமக்கு நா எழாது.

நாம் கேட்பது

ஆகவே கேள்வி படுக்கையா வீடா என்பது மட்டும் அன்று. மனிதன் தன் வாழ்க்கையை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு மருத்துவத்துக்குள் நுழைய வேண்டுமா? அல்லது அவன் வாழும் வாழ்க்கைக்குள் மருத்துவம் நுழைய வேண்டுமா? இரண்டாவதே அறம் என்பது நம் முடிவு. அறத்துக்குச் செலவு உண்டு. அந்தச் செலவை நோயாளியின் மகள் கட்டக் கூடாது, அரசு கட்ட வேண்டும் என்பதும் நம் முடிவு.

முடியாத காரியமா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5இல், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில், "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருவது, உடற்பயிற்சி மருத்துவம் வீட்டில் நடப்பது, சிறுநீரகம் செயலிழந்தோர் தம் வயிற்று வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் சுத்திகரிப்புக்கு வேண்டிய பைகளைக் கொண்டுவந்து தருவது ஆகியவை அதன் பணிகளாக வகுக்கப்பட்டன. சிறுநீரகப் பை போகிற குடிசைக்கு, மருந்துப் புட்டியோடு ஒரு செவிலியர் போக வழி இல்லையா?

முதலில், எந்த நோயாளிக்கு மாத்திரையே போதும், எவருக்கு ஊசி வேண்டும், எவர் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் கூடி முடிவு செய்யட்டும். வீட்டுக்குப் போகலாம் என்றால், அல்லது அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நாள்தோறும் வரலாம் என்றால், ஊதியம் பெறும் செவிலியர் அந்த வேலையைச் செய்யட்டும். கற்க விரும்பும் நோயாளிக்குக் கற்பிக்கட்டும். பயன்படுத்திய ஊசியைத் திரும்ப எடுத்துச் செல்லட்டும். அது குப்பைமேட்டில் குழந்தைகளின் காலில் ஏறக் கூடாது. வீட்டில் இடமில்லை, ஆளில்லை, அச்சமாயிருக்கிறது என்பவருக்குப் படுக்கை மறுக்கப்படக் கூடாது. அனுப்பும் உரிமை மருத்துவருக்கு உண்டென்றால், இருக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. உழைக்க முடியாத மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்க அரசு முன்வந்தது. உழைக்க முடியாத நோய்க்காலமும் ஒரு மழைக்காலமே. அதற்கும் உதவி வேண்டும்.

தோழர்களே! நாம் மன்றங்களில் பேசுகிறோம், படிப்பகம் நடத்துகிறோம். இனி ஒரு வேலை செய்வோம். நம் தெருவில் நீண்ட நாள் மருந்து வேண்டியவர் யார், பாதியில் விட்டவர் யார் என்று கேட்டறிவோம். சுகாதார நிலையத்துக்கு அவரோடு நடந்து போவோம். டிரிப்ஸ் போட்டால் தெம்பு வரும் என்று காசைத் தொலைப்பவரிடம் அமர்ந்து பேசுவோம். துணைக்கு என்று பள்ளியை விட்டு நின்ற பெண் பிள்ளையின் பெயரை எழுதி வைத்து, அவள் திரும்பி வரும் வரை விடாமல் கேட்போம்.

நம் மாணவி திரும்பி வந்துவிட்டாள். வகுப்பில் ஒருநாள் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். மூழ்குபவனையும் கயிறு பிடிப்பவனையும் கரும்பலகையில் வரைந்தோம். அவள் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்: "கயிறு பிடிக்கிறவர் தூங்கிட்டா, கீழ இருக்கிறவர் மேலதான சார் தப்பு எழுதுவாங்க?"

வகுப்பு சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.